ஏஞ்சல் வாசலில் தாழ்ந்த கல்

கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அலுவலக நாற்காலியை விட்டு எழாத பெருமைக்குரியவர், இந்த விழாவின் தலைவர், நம் வார்டு உறுப்பினர் ஜெயம்மாள் அம்மையார் அவர்களே! கல்லின் உயரத்தை அளக்க நாடாவோடு வந்து, எங்கள் தெருவின் மனத்தையும் சேர்த்து அளந்துவிட்டுப் போன இளம்பொறியாளர் துர்கா அவர்களே! எனக்கு முன்னால் பேசிய பேச்சாளர்கள் அத்தனை பேரையும் தூங்காமல் தாக்குப்பிடித்த பெரியோர்களே! அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு அதன் விசிலுக்கு ஒரு காதும் எனக்கு ஒரு காதும் கொடுத்திருக்கும் அன்பிற்கினிய தாய்மார்களே! பட்டு நூல் ஒட்டிய சட்டையோடு தறியிலிருந்து நேரே எழுந்து வந்திருக்கும் தோழர்களே! முசரவாக்கத்திலிருந்து மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, வந்த இடத்தில் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைமார்களே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் சிட்டிபாபுவின் வணக்கம் உரித்தாகட்டும்!

என்ன சிரிப்பு? சிட்டிபாபுவுக்குப் பேச வருமா என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். இந்த ஊரில் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை ஒலிபெருக்கி கட்டியவன் நான். எத்தனை நாவலர்கள், எத்தனை சொல்லின் செல்வர்கள்! அத்தனை பேரும் பேசுவதற்கு முன்னால் இதே ஒலிவாங்கியில் முதலில் பேசியவன் யார்? நான்! என்ன பேசினேன்? "ஹலோ, மைக் டெஸ்டிங்." அதோடு இறக்கிவிட்டார்கள். இன்று ஏறிவிட்டேன். என்னை இறக்க வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரைத்தான் அணைக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் கூட்டாளி தினகரன். தினகரா, கை வைக்காதப்பா!

பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள், "ஏஞ்சல் எங்க?" என்று. நல்ல கேள்வி. விழா நாயகி ஏஞ்சல். மேடையில் அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. பொன்னாடை மடித்தது மடித்தபடி இருக்கிறது. வெட்டுவதற்குக் கட்டிய ரிப்பனோ வாசலில் இல்லை, இதோ இந்த மைக் கம்பியில் சுற்றிக் கிடக்கிறது. ஏன்? சொல்லத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அன்பர்களே! நம் மேட்டுக்கிணற்றுத் தெருவுக்குப் புதுச் சாலை வந்தது. சாலையோடு சாக்கடை வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது, மூடிக்கு மேல் நடைபாதை வந்தது, நடைபாதைக்குக் கரையாக ஓரக்கல் வந்தது. வந்த கல் எவ்வளவு உயரம்? என் முழங்காலைத் தொட்டது! நமக்கெல்லாம் அது என்ன? மாலையில் உட்கார்ந்து அரட்டை அடிக்க ஒரு பெஞ்சு. ஆனால் சாலை திறந்த மறுநாள் காலையில், பட்டம்மாள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வேலைக்குப் புறப்பட்ட அவர் மகள் ஏஞ்சலுக்கு அது என்ன? மதில்!

ஏஞ்சலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பிரிவில் வேலை. சிறு வயதிலிருந்தே கால்கள் இரண்டும் ஒத்துழைக்காது. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே வந்தால் பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்துக் கட்டிய ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரில் ஏறிவிட்டால் அவரைப் பிடிக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. வண்டியைத் தெருவிலேயே நிறுத்தக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தினார். மழை பெய்த ஒரு மாலையில் ஊன்றுகோலோடு அந்தக் கல்லில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். தோள்பட்டையில் அடி. பட்டம்மாள் போட்ட சத்தம் என் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வீடு வரை கேட்டது.

நம் தெரு சும்மா இருக்குமா? ஆடி மாதம் பிறந்தால் அம்மனைப் பல்லக்கில் வைத்து நான்கு மாட வீதியும் தோளில் சுமக்கிற தெரு இது! அம்மனுக்கு முதல் தோள் கொடுப்பவர் யார்? நம் மாணிக்கவேல். அதோ, தூண் பக்கம் நிற்கிறார் பாருங்கள், பட்டுச்சேலைக் கடைக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் தோள், தூணுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரிகிறதா? மாணிக்கவேல் வந்தார், கூடவே பல்லக்குத் தூக்கும் மூவர் வந்தார்கள். "நீ எறங்காத ஏஞ்சல். குந்திக்கினே இரு. ஏய், புடிங்கடா!" என்றார். நாற்புறமும் கை கொடுத்தார்கள். ஸ்கூட்டர் எழுந்தது! ஸ்கூட்டரோடு ஏஞ்சலும் எழுந்தார்! கல்லைத் தாண்டித் தெருவில் பூப்போல இறக்கி வைத்தார்கள்.

அன்று தொடங்கியது. காலையில் ஒரு தூக்கல், மாலையில் ஒரு தூக்கல். பட்டம்மாள் காபி கொடுத்தார், பக்கத்து வீட்டில் சுண்டல் கொடுத்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நின்று கைதட்டினார்கள். தாமலிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். "எங்க தெரு மாதிரி வருமா?" என்று நாம் எல்லோரும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டோம். உச்சமாக ஒருநாள் என்ன நடந்தது தெரியுமா? நான் சொல்லவா, தினகரன் சொல்லட்டுமா? வண்டியைத் தூக்கும் நேரம் பார்த்து நம் தினகரன் ஒலிப்பெட்டியில் மேளதாளம் போட்டுவிட்டார்! தெருவே சிரித்தது. மாணிக்கவேல் சிரித்தார். மேலே உட்கார்ந்திருந்த ஏஞ்சல் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே வார்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார் ஏஞ்சல். என்ன கேட்டார்? மலையைப் பெயர்க்கச் சொன்னாரா? மாளிகை கேட்டாரா? மானியம் கேட்டாரா? தன் வீட்டு கேட் அகலத்துக்கு மட்டும் அந்த ஓரக்கல்லை எடுத்துவிட்டு, சாலை மட்டத்துக்குத் தாழ்வாக வேறு கல் பதித்து, அங்கிருந்து வாசல் வரை சரிவாகப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான்!

செய்தி மாணிக்கவேல் காதுக்குப் போனது. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே பட்டம்மாள் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். எதிரில் என் கடை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை அம்மா, ஒலி என் தொழில்!

"நாங்க உனக்கு இன்னா கொற வெச்சோம் ஏஞ்சல்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் லேட்டா வந்திருப்போமா?"

"இல்லண்ணா."

"வண்டில ஒரு கீறல் உழுந்திருக்குதா?"

"இல்லண்ணா."

"அப்பால எதுக்குமா ஆபீசுல போயி எழுதிக் குடுத்த? ஊருல இன்னா நெனைப்பாங்கோ? இந்தத் தெருவுல ஆம்பளைங்க செத்தா பூட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்க?"

அதற்கு ஏஞ்சல் சொன்னதை, அன்பார்ந்த பெரியோர்களே, நான் வாழ்நாளில் கேட்ட எந்தச் சொற்பொழிவுக்கும் கீழே வைக்க மாட்டேன்.

"அண்ணா, போன வாரம் எங்கம்மாவுக்கும் எனக்கும் சண்டை. எதுக்குன்னு இப்ப ஞாபகம் கூட இல்ல. எனக்கு வந்த கோவத்துல, வண்டிய எடுத்துக்கினு எங்கயாவது போயி ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு கேட்டு வரைக்கும் வந்துட்டேன். வந்துதான் ஞாபகம் வந்துச்சு. கோவிச்சுக்கினு போறவ, உங்க நாலு பேருக்கும் போன் போட்டு, 'அண்ணா, கோவமா இருக்கேன், கொஞ்சம் வந்து தூக்கி வுடுங்க'ன்னு சொல்ல முடியுமா? திரும்பி உள்ளயே பூட்டேன். அம்மா தோசை ஊத்திக் குடுத்துச்சு. துன்னுட்டுப் படுத்துட்டேன்."

சிரிக்கிறீர்கள். மாணிக்கவேலும் அப்போது சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஏனென்றால் ஏஞ்சல் இன்னும் முடிக்கவில்லை.

"அம்மனுக்கு அவசரம் கெடையாதுண்ணா. நீங்க தூக்குனா போவும், எறக்குனா நிக்கும். நான் மனுஷிண்ணா. எனக்குத் தோணும்போது போவணும்."

எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே! கோபித்துக்கொண்டு வெளியே போகாத மனிதர் நம்மில் யார்? கோபம் வந்தால் செருப்பை மாட்டுகிறோம், தெருமுனை வரை போகிறோம், வெற்றிலை பாக்கு வாங்குகிறோம், திரும்பி வருகிறோம். அது ஒரு உரிமை என்று நமக்கு என்றாவது தோன்றியதா? தோன்றாது! காலையிலும் மாலையிலும் ஏஞ்சலைத் தூக்கினோமே, கல்லை யாராவது பார்த்தோமா? கல்லைத் தாண்டினோமே, கல் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டோமா? தோளைத் தட்டிக்கொண்டோமே, தூக்கப்படுகிறவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தோமா?

மாணிக்கவேல் திரும்பிப் போனார். மறுநாள் காலை வழக்கம் போல வண்டியைத் தூக்கி இறக்கினார். இறக்கிவிட்டுக் கிடங்குக்குப் போகவில்லை. மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார். அம்மனைத் தூக்கிய தோள்கள் அன்று முதல் அந்த விண்ணப்பத்தைத் தூக்கின! "சாக்கடை மூடி வண்டி கனம் தாங்குமா பார்க்க வேண்டும்" என்றார்கள். "வந்து பாருங்க சார்" என்றார். "மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகாதபடி மட்டம் எடுக்க வேண்டும்" என்றார்கள். "எடுங்க சார்" என்றார். "நீங்களே சிமெண்டைக் கொட்டி ஒரு மேடு போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று யாரோ கேட்டார்கள். "ரோட்டு மேல மேடு போட்டா நாளைக்கு நீங்கதான் வந்து ஒடைப்பீங்க. பல்லக்கு வர்ற வழி அது, எங்க காலும் தட்டும். கல்ல எறக்குங்க சார்" என்றார். கதவருகே நான்கு மலைகள் நின்றால் காற்று எப்படி உள்ளே வரும்? நம் ஜெயம்மாள் அம்மையாரும் போய் உட்கார்ந்துகொண்டார். துர்கா அவர்கள் நாடாவோடு வந்தார், அளந்தார், உத்தரவும் வந்துவிட்டது.

முடிந்ததா? எங்கே முடிந்தது! வேலையாட்கள் வந்தார்கள், கல்லைப் பெயர்த்தார்கள், தாழ்த்தினார்கள், சரிவு போட்டார்கள். சிமெண்ட் இறுகிய பிறகு ஏஞ்சல் வண்டியில் ஏறினார். தெருவே கூடி நின்றது. இறங்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். திரும்பி ஏறும்போது முன்சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தால், சாலைக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் உயரம் மிச்சம் வைத்திருக்கிறார்கள்! "எல்லா எடத்துலயும் இப்படித்தாங்க வுடுவோம்" என்றார் மேஸ்திரி.

வண்டி உறுமுகிறது. சக்கரம் சுழல்கிறது. ஏறவில்லை. ஏஞ்சலின் நெற்றியில் வியர்வை. மாணிக்கவேலின் கால் தானாக முன்னே வந்தது. கை தானாக நீண்டது. ஒரு தள்ளு, ஒரே ஒரு தள்ளு கொடுத்தால் போதும், ஏறிவிடும்! ஏஞ்சல் திரும்பி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். நீட்டிய கையை மாணிக்கவேல் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற மூவரும் கட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அம்மனைச் சுமந்தபோது நடுங்காத அந்தத் தோள்கள், சும்மா நிற்க முடியாமல் நடுங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

"இத ஒடைங்கப்பா" என்றார் மாணிக்கவேல்.

துர்கா அவர்களுக்குப் போன் போனது. உடனே வந்தார், பார்த்தார், சாக்குச் சொல்லவில்லை. "இது தப்பு. திரும்பப் போடுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஒலிவாங்கி வழியாக உங்களை வணங்குகிறேன் அம்மா! மீண்டும் கல் தாழ்ந்தது. சாலையும் கல்லும் ஒரே மட்டமாயின. ஏஞ்சல் இறங்கினார், சத்தம் இல்லை. ஏறினார், தடங்கல் இல்லை. கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாம் எல்லோரும் விழித்தோம். தன் வாசலில் தான் போய்வருவதற்கு யாராவது கைதட்டுவார்களா?

அந்தச் சரிவில் இப்போது யார்தான் போகவில்லை? தண்ணீர் கேன் வண்டி அதில்தான் ஏறுகிறது. குழந்தைத் தள்ளுவண்டி அதில்தான் இறங்குகிறது. மூட்டை தூக்கி முட்டி தேய்ந்த மாணிக்கவேலே, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த வழியாகத்தான் நடைபாதையில் ஏறுகிறார். மறைக்காதீங்க மாணிக்கம், எதிர்க்கடையில் நான் இருக்கிறேன்!

ஆகவே அன்பர்களே, தூக்கிவிடத் தோள் கொடுத்த தெரு இது, பெருமைதான். தூக்க வேண்டிய தேவையையே இல்லாமல் செய்த தெருவும் இதுவே, அதுதான் எனக்குப் பெரிய பெருமை! கையை நீட்டுவது எளிது. நீட்டிய கையைக் கட்டிக்கொண்டு கல்லை உடைக்கச் சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்! நம் ஊரில் இன்னும் எத்தனை கல், எத்தனை படி, எத்தனை வாசல் இருக்கிறது? தோழர்களே, தாழ்த்துவோமா? தாழ்த்துவோமா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள், தாழ்த்துவோமா? தினகரா, கேட்டுதாப்பா? பெட்டி கிழிந்தாலும் பரவாயில்லை!

இனி ரிப்பன் கதைக்கு வருகிறேன். இன்று மாலை விழாவுக்காக ஏஞ்சல் வாசலில், அந்தச் சரிவுக்குக் குறுக்கே, சிவப்பு ரிப்பன் கட்டினேன். நானே கட்டினேன், அழகாகக் கட்டினேன். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நிமிர்ந்தால், எதிரில் ஸ்கூட்டர். மேலே ஏஞ்சல்.

"சிட்டிபாபுண்ணா, அத்த கொஞ்சம் அவுருங்க. போவணும்."

"எங்கமா போற? விழாவே உனக்குத்தாம்மா! தலைவர் வர்ற நேரமாச்சு!"

"தாமல் ஏரி ரொம்பிக்கினு இருக்குதாம்ணா. இருட்டறதுக்குள்ள பாக்கணும்னு தோணுச்சு. பொன்னாடைய அம்மா கிட்ட குடுத்துடுங்க."

நான் என்ன செய்வேன்? அவிழ்த்தேன். போய்விட்டார். ஆதலால் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். வெட்டுவதற்கு ரிப்பன் இல்லை. திறந்து வைக்கவும் ஒன்றும் இல்லை, வழி திறந்தே இருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கருகிய குக்கர்களுக்கும், கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நான்கு பேருக்கும் நன்றி. போகும்போது நாற்காலிகளை ஓரமாகப் போட்டு அந்தச் சரிவை மட்டும் காலியாக விடுங்கள். ஏஞ்சல் திரும்பி வரும்போது அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கக் கூடாது. வணக்கம்!