வேல் பழம்

"வேல்ல குத்தியிருந்த பழத்தை ஊறுகா போட்டுட்டேன்க்கா."

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் முன்னால் சாய்ந்து காது கொடுத்தேன். பங்குனி உத்திரம் முடிந்ததும் முருகன் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். பிள்ளையில்லாதவர்கள் அதை எடுத்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும். அந்த முருகன் கண்கண்ட தெய்வம்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவள் அதட்டினாள். "இன்னாடி சொல்ற? அவ்ளோ காசு குடுத்து எடுத்தியே."

"ஏலக் காசு இந்த வருசம் பொதுப் பட்டறைக்குன்னாங்க. வெல்டிங் மிஷினு, டிரில்லிங் மிஷினுலாம் வாங்கி வெச்சா, ஊர்ல யாரு வேணா போயி வேணுங்கறத செஞ்சிக்கலாம். அதான் ஏத்தி கேட்டேன்."

"அப்ப பிள்ளைக்கு இல்லியா?"

"ஏழு வருசம் ஏழு பழம் தின்னாச்சுக்கா. இனிமே எனக்குத் தெம்பு இல்ல. பட்டறைக்குக் கொட்டா போடறவங்க கஞ்சிக்குத் தொட்டுக்கட்டும்."

முருகா, என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஒம் புருசனுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவான்டி."

"பழத்தை நறுக்குனதே அவருதான்க்கா. கொஞ்ச நேரம் அழுதாரு. அப்புறம் அவரே உப்பு போட்டாரு."