சத்தம் கேட்காத கேமரா

என் பெயர் ஜெஸ்டின், வயது 36, தகப்பனார் பெயர் ஜான்பீட்டர். கோவில்பட்டியில் குடியிருந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் கண்காணிப்பு கேமரா விற்று மாட்டிக் கொடுக்கும் கடை பதினோரு வருடமாக நடத்தி வருகிறேன். இறந்துபோன பெரியவர் சீனி எனக்கு உறவு இல்லை. அவருடைய மகன் பூவனநாதன், புதூர் பக்கத்தில் உளுந்து வியாபாரம் செய்பவர், என் கடைக்கு வந்த வாடிக்கையாளர்.

மேற்படி பூவனநாதன் 10.03.2025 திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் கொட்டகையும் இருப்பதாகவும், திருட்டுப் பயம் என்றும் சொல்லி கேமரா கேட்டார். நான் நான்கைந்து மாடல்களைக் காட்டினேன். பின்பக்கக் கேட்டிலிருந்து கொட்டகை வாசல் வரை ஒரே படத்தில் விழ வேண்டும் என்றார். அங்கே இணைய இணைப்பு இல்லாததால் சிம் போட்டு ஓடும் கேமராவைத் தேர்ந்தெடுத்தோம். அதில் மைக் உண்டு. யார் கேட் வழியாக வருவார்கள் என்று நான் கேட்டதற்கு, "எந்தங்கச்சி பேச்சித்தாய்தான். சொல்லாம கொள்ளாம வந்து சண்டை போடுதா" என்றார். திருட்டுப் பயம் என்றவர் தங்கச்சியைச் சொல்கிறாரே என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அதன் பிறகு 11-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். உளுந்து மூட்டைகள் கொட்டகையில் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவை சிமெண்ட் தரை போட்ட முன்னறையில், காற்றாடிக்குக் கீழே அடுக்கியிருந்தன. ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்றார். கொட்டகை தகரம் வேய்ந்தது, ஜன்னல் கிடையாது. வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், நல்லெண்ணெய் டின்னும், இளநீர்க் குலைகளும் கிடந்தன. எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

அதன் பிறகு கொட்டகைக் கதவுக்கு மேலே கேமராவை மாட்டிக் கீழே இறங்கி, என் போனில் சோதித்துப் பார்த்தேன். படம் தெளிவாக வந்தது. கூடவே கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரலும் வந்தது. "ஏலே, ஒரு வாய் தண்ணி தாங்கலே" என்றது. இரண்டு தடவை கேட்டது. நான் பூவனநாதனைப் பார்த்தேன். அவர் மனைவி முத்துமாரியம்மாள்தான் பதில் சொன்னார். "அவிய எங்க மாமனாரு. தண்ணி குடுத்தா படுக்கையிலயே போயிருதாவ. தெனமும் யாரு அள்ளுதது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். நாற்றம் எனக்கும் வந்தது. அதைவிடப் பெரிய நாற்றம் அந்தப் பேச்சில் இருந்தது. பூவனநாதன், "தம்பி, சத்தம் வராத மாடலா ஒண்ணு போடுங்க. இதெல்லாம் போன்ல கேட்டுக்கிட்டு இருந்தா யாவாரத்தப் பாக்க முடியாது" என்றார். என் வண்டியில் மைக் இல்லாத சிம் கேமரா ஒன்று இருந்தது. முதலில் மாட்டியதைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு எல்லாம் தனக்குப் பிடிபடாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் விட்டுவிடுவார்கள்.

அதன் பிறகு 12-ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பூவனநாதன் எனக்குப் போன் செய்து, படம் விட்டு விட்டு வருகிறது, என்னவென்று பாருங்கள் என்றார். நான் ஒன்பதரை மணிக்குக் கடையைத் திறந்து என் போனில் பார்த்தேன். பெரியவரைக் கொட்டகை வாசலில் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலையிலிருந்து எண்ணெய் வடிந்தது. மருமகள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, மகன் தலையைப் பிடித்துக்கொண்டு வாயில் இளநீரைச் சாய்த்தார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை இப்படிக் குளிர வைத்துக் காய்ச்சல் காண விட்டு முடித்துவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. தலைக்கு ஊற்றுவது என்பார்கள். குளிப்பாட்டுவதைப் போலப் பெயர் வைத்துக் கொலை செய்கிறார்கள், த்தூ. தங்கச்சி வருவதைப் பார்க்க வைத்த கேமரா தன்னையும் பார்க்கும் என்று அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. பெரியவரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்காத கேமராவை மாட்டியவன் நான்தான்.

உடனே 108-க்கும் அதன் பிறகு காவல் நிலையத்துக்கும் போன் செய்தேன். பெரியவரைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். 13-ஆம் தேதி காலையில் இறந்துபோனார். அன்றே பூவனநாதனின் சொந்தக்காரர் ஒருவர் போனில், "ஊருல நடக்காததா அண்ணாச்சி? நீரு கேமரா மாட்ட வந்தீரா, குடும்பத்தக் கெடுக்க வந்தீரா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். பதிவான காட்சியைக் காவல் நிலையத்தில் தங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

11-ஆம் தேதி கொட்டகை பூட்டியிருந்ததா என்று தாங்கள் கேட்டீர்கள். பூட்டு இல்லை. வெளியே தாழ்ப்பாள் மட்டும்தான். அதன் பக்கத்தில் ஏணியைச் சாய்த்துத்தான் வேலை பார்த்தேன். என் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

நான் சொன்னபடியே மேலே எழுதப்பட்டுள்ளது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜா. ஜெஸ்டின்