வெட்டாத பதிப்பு

இன்னுங் கொஞ்சம் சாமைச் சோறு போட்டுக்கங்க சார். காரமா இருக்குதுங்களா? எங்க மொளகு அப்படித்தானுங்க. தண்ணியக் குடிங்க. விழாவுக்கு நேரமிருக்குது, சனம் இப்பத்தான் சேருது. உங்க படத்தோட நாலாம் பாகத்தையும் இங்கயே எடுக்கோணும்னா மலைக்காரங்க சம்மதம் வேணுமில்லீங்க. அதான் பாராட்டு விழான்னதும் கெளம்பி வந்துட்டீங்க.

அட, அந்தப் பெட்டியப் பாத்துட்டீங்களா? உங்க படந்தானுங்க. மூணு பாகமும் உள்ள இருக்குது. துணியில அச்சடிச்ச வரைபடம், சுண்டுவெரல் நீளத்துல ஒரு வாளு, தட்டுத் தட்டா டிஸ்க்கு. எனக்கேதுங்க அம்புட்டு வசதி? பிரேம்னு பெங்களூர்த் தம்பி குடுத்தது. படத்துல வந்த எடமெல்லாம் தேடித்தேடிப் பாக்கற ஆளு. இங்க வாசலூர்பட்டிக்கு வந்தப்ப நம்ம மெஸ்லதான் சாப்பாடு.

நான் நடிச்சனாங்களா? இல்லீங்க, அப்ப எனக்குக் கைப்புள்ள. எங்கூட்டுக்காரரு நடிச்சாரு. அரக்கன் படையில. சின்னக்கண்ணும்பாங்க. உங்களுக்கு நெனப்பிருக்காது, சாயத்தப் பூசிட்டா எல்லாரும் ஒண்ணுதானுங்களே. மலைக்காரனுக்கு மேக்கப்பே வேணாம்னு உங்காளு ஒருத்தரு சொன்னாராம். அதச் சொல்லிச் சொல்லி ஊட்டுல சிரிச்சாரு. அவருக்குக் கோவமே வராதுங்க. எனக்குத்தான் வரும்.

செத்துட்டாருங்க. ரெண்டாம் பாகம் எடுக்கையில.

காலையில உங்க வேன்ல ஏறிப் போனவரு. பொழுது சாயறப்ப ஆளு வந்து சொல்றாங்க, பாறைக்கடியில கெடக்கறாருன்னு. ஓடிப் போயிப் பாத்தா, மேல சாயத்தோட பொட்டு கூட இல்ல. சுத்தமாத் தொடச்சு, அவரு வேட்டியவே கட்டி உட்டிருந்தாங்க. பக்கத்துல ஒரு பிராந்தி பாட்டிலு. சின்னக்கண்ணு அன்னைக்கு வேலைக்கே வரலீன்னு நீங்க போலீசுகிட்டச் சொன்னீங்க. குடிச்சுட்டுத் தேனெடுக்க ஏறியிருப்பான்னீங்க. சாராய வாடையே ஆகாதுங்க அவருக்கு.

இருங்க சார், மோர் ஊத்தறேன். உக்காருங்க.

நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. கூட நடிச்சவங்கள அதுக்குள்ள வேற பக்கம் கொண்டு போயிட்டீங்க, யாரு பாத்தா? பெத்த தாயே நம்பலீங்க. எம் மாமியா பாவாயி, குடிகாரப் பயலப் பெத்தேனேன்னு வாசல்ல மண்ண வாரித் தூத்துச்சு. சாமி கும்புடறப்ப அவம் பேரச் சொல்லப்படாதுன்னுருச்சு. எம் புள்ள ஆர்த்தி பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவதான். அழுதுகிட்டே வரும். நான் என்னத்தச் சொல்லித் தேத்துவேன்?

அப்பத்தான் பிரேம் வந்தாப்புல. அக்கா, தியேட்டருல வந்தது கொஞ்சந்தான், வெட்டிப் போட்டதெல்லாம் இந்தப் பெட்டியில சேத்திருக்காங்க, உங்க ஊருப் பாறை கூட வருது பாருங்கன்னு லேப்டாப்புல போட்டாப்புல. அந்தப் பாறைய ஒட்டி நீங்க போட்ட கோட்டைச் செவுத்துல அரக்கனுக ஏறறாங்க. மூஞ்சியெல்லாம் கறுப்பு, யாரு எவருன்னு தெரியல. அதுல ஒருத்தன் ஏறறதுக்கு முன்னால உள்ளங்கைய ரெண்டுவாட்டி இடுப்புல தேய்ச்சான்.

எங்கூட்டுக்காரரு மொளகு பறிக்க மரமேறையில அப்படித்தானுங்க தேய்ப்பாரு.

அந்த அரக்கன் பாதி ஏறுனான், காலு வழுக்குச்சு, கீழ போயிட்டான். நான் போட்ட சத்தத்துல பிரேமு பயந்துட்டாப்புல. வெசயத்தச் சொன்னேன். மறுபடி அந்த எடத்துக்கே ஓட்டி, அக்கா, படம் ஓடறப்பவே எடுத்தவங்க அதப் பத்திப் பேசறதும் இதுல தனியா இருக்குதுன்னு அத மாத்தி உட்டாப்புல.

நீங்கதானுங்க பேசறீங்க. இந்தா இப்ப நான் நடிச்சனான்னு கேட்டீங்களே, இதே கொரலு. இது பிளான் பண்ணுன ஷாட் இல்ல, லோக்கல் ஆளு நெஜமாவே வழுக்கிட்டான், நான் கட் சொல்லாம ஓட உட்டேன், அப்புறம் எந்திரிச்சு வந்து எங்களோட டீ குடிச்சான்னு சொல்லிட்டுச் சிரிக்கறீங்க. பக்கத்துல இருக்கறவங்களும் சிரிக்கறாங்க.

டீ குடிச்சாராங்க சார்?

அரக்கன் வேசத்துல எவனுக்கு அடையாளம் தெரியப்போவுதுன்னு நெனச்சிருப்பீங்க. அம்புட்டு வெலை குடுத்து அந்தப் பெட்டிய வாங்கறவன் மலைக்காரனா இருக்கப் போறானான்னும் நெனச்சிருப்பீங்க.

மொதல்ல பஸ் ஏறி வந்து உங்கள அருவாளால வெட்டிப்போடோணும்னுதான் இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன், தீட்டியே வெச்சேன். அப்புறம் ரோசன பண்ணுனேன். வெட்டுனா நீங்க செத்துருவீங்க, அவரு குடிகாரனாவே இருப்பாரு. உங்க வாயாலயே அந்தப் பேரு போவோணுமில்லீங்க. அதான் போனப் போட்டேன். ஆமாங்க, விழாவுக்குக் கூப்பிட்ட பொன்னாயி நாந்தான். பேரக்கூட மாத்திச் சொல்லலீங்க.

டிரைவரா? அவரு அந்தப் பக்கம் சாப்புடறாரு. கூப்பிடாதீங்க, பாவம், பசி. கீழ எறங்கறதும் நீங்க ஏறி வந்த ரோட்டுலதானுங்க. அதுல போலீசு ஜீப்பு ஏறிகிட்டிருக்குது. நான் வெச்ச வக்கீலு காலையிலயே அவங்ககிட்ட டிஸ்க்கோட காப்பியக் குடுத்துட்டாரு. எழுபது வளைவு ஏறோணும், வந்து சேரக் கொஞ்சம் நேரம் புடிக்கும்.

அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருக்கறது? கையக் கழுவிட்டு வாங்க. கோயிலு முன்னால தெரை கட்டியாச்சு, மலையில இருக்கற மூணு நாட்டு ஊருச் சனமும் உக்காந்திருக்குது. உங்களுக்கு எம் மாமியா பக்கத்துலதான் நாற்காலி. அதுக்குப் பார்வை மங்கலுங்க, படம் தெரியாது. காது மட்டும் நல்லாக் கேக்கும்.