அம்மோனியாவுக்கு எஃகு தேர்ந்த அம்மையாருக்கு

நுகர்ந்தார் மூச்சைப் பறிக்கும் நச்சையும் நலமே நடத்திச் செல்லும் குழாய்க்கு, ஏற்ற எஃகை ஆய்ந்தளித்த அறிவரசியே! ஸஃபி துறைமுக உர ஆலையின் உலோகப் பிரிவுத் தலைவியே! லல்லா கெல்தூம் அவர்களே! விடைபெறும் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

தங்களைப் போற்றுவோர் பலர். தங்களைக் கண்டு வயிறெரிந்தவரும் எங்களுள் ஒருவர் உண்டு. தங்கள் சகப் பொறியாளர் ஸி துஹாமிதான் அவர். அவரது இசைவோடு அவர் கதையையே இங்கு வாசிக்கிறோம்.

தங்களுக்குத் தலைமைப் பதவி வாய்த்த அன்று அவரும் வாழ்த்தினார். ஆயினும் அவர் வாயில் புதினாத் தேநீர் வேம்பாய்க் கசந்தது.

பின்பு, துறைமுகத்திலிருந்து ஆலை வரை, மீனவர் குடியிருப்பை ஒட்டி அம்மோனியாக் குழாய் இடும் பணி வந்தது. வலிமை மிக்க கடின எஃகை அவர் முன்வைத்தார்: சுவர் மெல்லிது, செலவு குறைவு. தாங்களோ வலிமை மிதமான, சுவர் தடித்த எஃகைக் கேட்டீர்கள்.

"லல்லா, என் எஃகு உங்களுதைவிட எவ்ளோ பலம் தெரியுமா?"

"பலசாலிதான், ஸி துஹாமி. ஆனா ரொம்ப வெறைப்பு. அம்மோனியா அந்த வெறைப்பைப் பாத்துத்தான் பிளக்கும், அதுவும் வெல்டிங் பக்கமா."

இயக்குநர் அவர் பக்கமே சாய்ந்தார். இரண்டு எஃகிலும் ஒவ்வொரு துண்டை வளைத்துப் பூட்டி, அம்மோனியாவில் ஊறவைத்துப் பார்க்க மட்டும் தாங்கள் வேண்டினீர்கள்.

ஊறல் முடிந்த காலையில் ஆய்வகத்துக்கு முதலில் வந்தவர் அவரே. தம் துண்டில் மயிரிழை விரிசல்! தங்கள் துண்டிலும் ஒன்று இருக்காதா என்று உருப்பெருக்கியின் கீழ்த் திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை. அலமாரியில் தம் எஃகிலேயே ஊறாத துண்டொன்று இருந்தது. மாற்றிவைக்கக் கை நீண்டும் விட்டது. சன்னலுக்கு வெளியே, குழாய் வரவிருந்த வழியில், பெண்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். கை திரும்பியது.

விரிசல் விட்ட துண்டைத் தங்கள் மேசையில் வைத்து, "இந்தாங்க, ஜெயிச்சிட்டீங்க" என்றார் வெடுக்கென்று.

"கண்டுபிடிச்சது நீங்க. இயக்குநர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் வரல" என்றீர்கள்.

சொன்னார், பாராட்டும் பெற்றார். அன்று முதல் அவர் பொறாமை இரட்டித்தது! முன்பு தங்கள் பதவியின் மேல். பின்பு தங்கள் மனத்தின் மேல். தாங்கள் தேர்ந்த குழாய் கசிவின்றி ஓடுகிறது. அதனருகே குழந்தைகள் கவலையின்றி உறங்குகிறார்கள்.

நாளை தங்கள் நாற்காலி அவருக்கு. அது கிடைத்தும் அவருக்கு ஆறவில்லை.

அம்மையே, நோய் அண்டாது, நிறைவு நீங்காது, நெடுங்காலம் வாழ்க! ஸி துஹாமி வேண்டுவதை அவர் சொல்லிலேயே தருகிறோம்: "நீங்க நூறு வயசு இருக்கணும் லல்லா. பொறாமைப்பட எனக்கு வேற ஆளில்ல."

தங்கள் அன்பு மறவா
உலோகப் பிரிவுப் பணியாளர்கள்