இங்கிலீஷுக்கு மாறும் மேசை

இத்தாலியில், பொலிதேயாமா நிறுத்தத்தில் பஸ் பிந்தியது. எனக்கு முன்னால் நம்மூர்ப் பெண்கள் இருவர், வீட்டுவேலை முடித்து வந்தவர்கள். மூத்தவர், கறி உப்புக் கூடிப்போச்சு என்பதைப் போலச் சொன்னார்:

“அமெரிக்க அரசாங்கத்திலை அந்தப் பெரியவர் பதவி விலகுவார் எண்டு எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.”

“ஆரக்கா உங்களுக்குச் சொன்னது?”

“நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை ரண்டு அமெரிக்கர் மத்தியானம் சாப்பிட வந்தவை. ஒராள் அங்கத்தை அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லுறவர், மற்றவர் பத்திரிகைக்காரர். இத்தாலியன் நல்லாக் கதைப்பினம். நான் தட்டெடுக்க உள்ளை போனா உடனை இங்கிலீஷுக்கு மாறுவினம்.”

“நீங்கள் ஊரிலை இங்கிலீஷ் படிப்பிச்சனீங்கள் எண்டு தெரியாதோ?”

“ஒருத்தரும் கேக்கேல்லையே.”

இளையவள் சிரித்தாள். மூத்தவர் சிரிக்கவில்லை.

“ஆலோசனைக்காரர், பெரியவர் ஏன் விலகுறார் எண்ட உண்மையைச் சொல்லிப்போட்டு, எழுத வேண்டாம் எண்டார். பத்திரிகைக்காரர் ஓமெண்டு தலையாட்டினார். இண்டைக்கு அவர் எழுதினதைப் போனிலை வாசிச்சன். பெரியவருக்கு உடம்பு சரியில்லையாம், அதாலை விலகுறாராம்.”

“அது அவையின்ரை நாட்டுப் பிரச்சினை. எங்களுக்கென்னக்கா?”

பஸ் வந்தது. மூத்தவர் கீழே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார்.

“சண்டை நேரம் பங்கருக்குள்ளை இருந்து, வெளிநாட்டு ரேடியோ எங்களைப் பற்றி என்ன சொல்லுது எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். அதையும் இப்பிடி ஒரு மேசையிலைதான் தீர்மானிச்சிருப்பினம். அண்டைக்கு அங்கை தட்டெடுத்தது ஆரெண்டு யோசிக்கிறன்.”