உப்புக்காற்று தின்ற குரல்கள்

சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்கள் கம்பியூட்டரை வாரத்தில் ஒரு தடவையாவது திறந்து துடைக்க வேண்டும், காதி நீதவான் அவர்களே. பெரிய வேலை இல்லை. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டை எடுத்து, சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியின் தூசைத் தட்ட வேண்டும். ரேமின் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தால் களிம்பு போய்விடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன் இதைச் செய்தேன். ஒரு வாரமும் தவறவில்லை. என் மனைவி சிபானாவும் இதை மறுக்கமாட்டாள்.

அந்தக் கம்பியூட்டர் என்னுடையதல்ல. வீடும் என்னுடையதல்ல, எங்கள் ஊர் வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுத்த வீடு. சிபானாவின் முதல் மாப்பிள்ளை பஸால் அந்த வீட்டில் வாழ்ந்தான், கத்தாருக்குப் போனான், அங்கே ஒரு விபத்தில் மவுத்தானான். இரண்டு வருடம் கழித்து நான் ஒரு பயணப் பையோடு அதே வாசலால் உள்ளே போனேன். அவன் அடித்துவைத்த ஆணியில் என் சட்டையைக் கொழுவினேன். அதற்கெல்லாம் மனம் கோணுகிறவன் இல்லை நான்.

நிக்காஹ்வுக்கு முன் சிபானா சொல்லி அனுப்பியிருந்தாள், பழசையெல்லாம் மூடிவைத்துவிட்டேன் என்று. நம்பினேன். மூன்றாம் மாதம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது உள்ளே ஓர் ஆண்குரல் கேட்டது.

"மகள், சோறு திண்டீங்களா? உம்மாக்குக் கரைச்சல் குடுக்காம இரிக்கிறீங்களா?"

கம்பியூட்டர் முன்னால் சிபானாவும் ஆறு வயது மகள் ஸுஹைறாவும் ஒரே கதிரையில் இருந்தார்கள். பஸால் கத்தாரிலிருந்து பிள்ளைக்கு அனுப்பிய குரல் பதிவுகள், நாற்பத்தொன்று. பழைய போன் பழுதாகுமுன் சிபானா எல்லாவற்றையும் கம்பியூட்டரில் போட்டிருக்கிறாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். துரோகம் எங்கே தொடங்கியது என்று எழுதும்போது இந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தேநீர் கேட்டேன், தந்தாள்.

"மச்சான், இந்தக் குரலெல்லாம் இதுல மட்டுந்தான் கிடக்கு. பழுதாகாமப் பாத்துக்குவீங்களா?" என்றாள். பென் டிரைவ் ஒன்றைத் தந்து, அதிலும் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொன்னாள். எடுத்துவைத்தேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து வாரத்துக்கு ஒன்று. வெறுமனே அழித்தால் பட்டியல் குறைந்துவிடும். ஆகவே ஆளில்லாத அறையின் அமைதியை அதே நீளத்துக்குப் பதிந்து, அதே பெயரில் அந்த இடத்தில் வைத்தேன். விசிறி, திரை, விசைப்பலகை எல்லாம் துடைத்தபின் கடைசி வேலை அது.

ஐந்தாறு போனபிறகுதான் சிபானா கவனித்தாள். "உப்புக்காத்து" என்றேன், பென் டிரைவையும் அதுதான் தின்றது என்றேன். எங்கள் தெருவில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பூட்டையும் சைக்கிளையும் கூரைத் தகரத்தையும் அது தின்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

"நீங்க பாக்கிறதால மிச்சமாவது இரிக்கி" என்றாள்.

பிள்ளைதான் விடவில்லை. "சாச்சா, வாப்பா ஏன் கதைக்கிறாரில்ல?"

"நீங்க திருப்பித் திருப்பிக் கேட்டீங்கதானே மகள். அதால தேஞ்சு போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மடியில் இருத்தி வைத்துத்தான் சொன்னேன்.

அதன்பிறகு ஸுஹைறா வாரத்துக்கு ஒரு பதிவு மட்டும் கேட்டாள். சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்பாள். பெருநாளன்று சிபானா ஒன்றைப் போடப் போனபோது ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வேணாம் உம்மா. வாப்பா முடிஞ்சிருவார்."

நான் அழிக்கத் தொடங்கிய பத்தாம் மாதம் எதுவும் மிஞ்சவில்லை. சிபானா என்னையும் கூட்டிக்கொண்டுதான் கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் பிரசாந்திடம் போனாள். அவன் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"உள்ளுக்கு நகைக்கடை மாதிரிக் கிடக்கு. ஆர் பாக்கிறது?"

"இவர்தான்" என்றாள் சிபானா, பெருமையாக.

பிறகு அவன் திரையைக் கொஞ்சநேரம் பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது. "அக்கா, உப்புக்காத்து கண்ணை மூடிக்கிட்டுத் திங்கும். இது ஆள் பாத்துத் திண்டிருக்கு. நாப்பத்தொண்டும் மாறினது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குப் பிறகு."

சிபானா என் பக்கம் திரும்பவில்லை. கம்பியூட்டரை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து நான் என் உம்மா வீட்டில் இருக்கிறேன்.

பென் டிரைவில் பிரதி இருக்கிறதா என்று உங்கள் மூலம் கேட்கிறாளாம். இருந்தது. எடுத்துவைக்கிறேன் என்று சொன்னால் எடுத்துவைக்கிறவன் நான். நாற்பத்தொன்றும் இருந்தன. ஒவ்வொன்றையும் கேட்டுமிருக்கிறேன், பஸால் நல்ல மனிதன்தான். உங்கள் கடிதம் கிடைத்ததும், இன்று காலை, அதை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினேன்.

அவள் பஸஹ் கேட்கிறாள். விவாகத்தை முறித்துக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரேயொரு வேண்டுகோள். பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம். தான் கேட்டுக் கேட்டுத்தான் தேய்ந்தது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். அவளை மடியில் வைத்துப் பார்த்தவன் நான். என்னைப் பற்றி அந்தச் சின்ன மனதில் ஒரு கறையும் விழக் கூடாது.