மாதபாவுக்குப் போன பச்சை டிஸ்க்

என் பெயர் ஹிக்மத் ஹத்தாதீன். வயது எழுபத்தொன்று. அம்மான் நகரம், ஜபல் லுவைப்தாவில் ஸ்டூடியோ இருக்கும் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். கார்ட்டூன் படங்களுக்கு அரபியில் குரல் கொடுக்கும் தொழில். யாரிடமும் பயிலவில்லை, கேட்டுக் கேட்டுக் கற்றேன். என்னை எல்லோரும் அபூ காலிப் என்று அழைப்பார்கள்.

நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் நடிகை ருவைதா ஷுக்ரி என் ஸ்டூடியோவின் டிஸ்க் ஒன்றை எடுத்துப்போய், நான் திருப்பிக் கேட்ட பிறகும் தராமல் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அது தவறு. அவள் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தவறுக்காக அவளுக்கு நன்றி சொல்லவும், நான் கொடுத்த திருட்டுப் புகாரைத் திரும்பப் பெறவும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோ தரைத்தளத்தில் இருக்கிறது. மூன்று அறைகளில் பதிவாகும் குரல்கள் எல்லாம் கேபிள் வழியாக உள்ளறையிலுள்ள ஒரே சேமிப்புப் பெட்டியில் போய்ச் சேரும். சில வருடங்களுக்கு முன் தண்ணீர் விடும் நாளில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சுவர் வழியாக இறங்கி அந்த அறை நனைந்தது. அதன்பின் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். கழற்றி எடுக்கக்கூடிய டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்றுக்குப் பச்சைச் சீட்டு, மற்றதற்குச் சிவப்பு. வியாழன் மாலை வேலை முடிந்ததும் பெட்டியில் உள்ளது முழுவதும் சொருகியிருக்கும் டிஸ்க்கில் பேக்கப் ஆகும். ஒலிப்பதிவாளர் மஜ்தி அதைக் கழற்றி ருவைதாவிடம் கொடுப்பான். அவள் வீடு மாதபாவில், எங்களில் எல்லோரையும் விடத் தூரம். போன வாரம் எடுத்துப்போன மற்ற டிஸ்க்கை அன்று காலை வேலைக்கு வரும்போதே கொண்டுவந்திருப்பாள்.

இந்த வருடம் ஸகர் என்னும் சிறுவனைப் பற்றிய கடல் தொடர் ஒன்றை எடுத்திருந்தோம். சிறுவர்களின் குரலைப் பெண்கள் கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். ஸகருக்கு ருவைதா, பல வருடங்களாக எங்கள் படங்களில் சிறுவன் என்றாலே அவள் குரல்தான். அவனைத் துரத்தும் ஆக்டோபஸ் மன்னனுக்கு நான். முதல் சீசனின் கடைசி அத்தியாயம் ஒரு வியாழனன்று பதிவாகி முடிந்தது. அன்று மாலை பேக்கப் ஓடிக்கொண்டிருந்தபோது, அடுத்த சீசனில் ஸகர் வேறொருவர் என்று அவளிடம் சொன்னேன்.

"உன் குரல் கம்முது, ருவைதா. மூணு மாசமா சொல்றேன். டாக்டர்கிட்ட போ."

"கம்முறது உங்க காது, அபூ காலிப். ஆக்டோபஸ் மாதிரி கத்திக் கத்தி அடைச்சுப்போச்சு."

அதன்பின் அவள் மஜ்தி கொடுத்த பச்சை டிஸ்க்கை வழக்கம்போலக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். ஞாயிறன்று வேலைக்கு வரவில்லை. நானோ அதற்குள் இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் சொருகும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கியிருந்தேன். இனி எந்த டிஸ்க்கும் வெளியே போக வேண்டியதில்லை, இரண்டும் என் கண்முன்னால் இருக்கட்டும் என்பது என் எண்ணம். தண்ணீர் எட்டாத உயரத்தில் அலமாரியும் அடித்திருந்தேன். சிவப்பு டிஸ்க்கைச் சொருகிவிட்டு அவளுக்குத் தொலைபேசினேன்.

"டிஸ்க் எங்க?"

"எங்க இருக்கணுமோ அங்க. ரெண்டாவது சீசன்லயும் நான்தான் ஸகர்னு எழுதிக் குடுங்க. மறுநாளே வரும்."

"எழுத மாட்டேன்."

"அப்ப சொருக மாட்டீங்க."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நிலையத்துக்கு வந்து திருட்டு என்று புகார் எழுதினேன். பெருநாள் விடுமுறை முடிந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இந்தத் தாமதத்தைக் கண்டித்து மேலதிகாரிக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அது இந்தக் கோப்பில் இருக்கிறது.

விடுமுறைக்குப் பின் முதல் வேலைநாளில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் தொடரை ஒளிபரப்பும் தொலைக்காட்சியின் பெயர் போட்டு, திருத்திய வசனம் என்று இருந்தது. திறந்தேன். யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். காபி குடித்துவிட்டு வருவதற்குள் பெட்டியில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயரும் மாறியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. மஜ்தி கேபிளை எல்லாம் பிடுங்கினான். அதன்பின் ஸ்டாண்டில் இருந்த சிவப்பு டிஸ்க்கைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"இதுவும் போச்சு, அபூ காலிப்."

"அது பேக்கப்தானேடா? தனி டிஸ்க்."

"சொருகியே வெச்சிருந்தா அது எப்படித் தனி? பெட்டிக்கு வந்த வைரஸ் அப்படியே இதுக்குள்ளயும் நடந்து வந்துருச்சு. கழட்டி வைங்கன்னேன். கண்ணு முன்னாடி இருக்கட்டும்னீங்க."

என் எண்ணத்தில் பிழையில்லை. இரண்டு பிரதி ஒன்றைவிட மேல். இப்படி ஒன்று உள்ளே வரும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அதன்பின் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யலாம் என்று கணக்குப் போட்டோம். ஆக்டோபஸ் நான் இருக்கிறேன், மற்றவர்களும் வருவார்கள். ஸகர் வேண்டும். ருவைதாவுக்குத் தொலைபேசினேன். அவள் அக்கா எடுத்தாள். விடுமுறைக்கு முன்பே தொண்டையில் ஒரு கட்டியை அறுத்து எடுத்ததாகவும், ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை என்றும் சொன்னாள். குரல் வரும், ஆனால் குழந்தைக் குரல் வராது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளால பதிலுக்குத் திட்ட முடியாது, பாவம், அதுலயே பாதி செத்துட்டா" என்றாள் அக்கா.

நான் திட்டவில்லை. மாதபாவுக்குப் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது, என் புகாரின் பேரில் உங்கள் ஆட்கள் வந்து, சமையலறையில் தேநீருக்கான மரமியா இலை போட்டு வைக்கும் டின்னில் துண்டு சுற்றி வைத்திருந்த டிஸ்க்கோடு அவளையும் அழைத்துப்போய்விட்டதாக அக்கா சொன்னாள். வந்த டாக்சியிலேயே திரும்பி இங்கே வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது ருவைதா கழுத்தில் கட்டுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பச்சை டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு காவலர் அதை நிலையத்துக் கம்ப்யூட்டரில் சொருகப் போனார். அந்தக் கம்ப்யூட்டர் இணையத்தோடு இணைந்தது, ஊரிலிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாம் அதில்தான் திறக்கிறார்கள். சொருகாதே என்று நான் வாசலிலிருந்தே ஆக்டோபஸ் மன்னனின் குரலில் கத்தினேன். காவலரின் கை நின்றது. நிலையத்தில் கூச்சல் போட்டதாக என்மீது வழக்கு எழுதுவதானால் எழுதிக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் விசாரணை அதிகாரி அனுமதித்ததால் மஜ்தி எந்த இணைப்பும் இல்லாத ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தான். டிஸ்க்கின் ஓரத்தில் எழுத முடியாதபடி பூட்டும் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு, முதலில் அதைத் தள்ளினான். பிறகு சொருகினான். எல்லா அத்தியாயங்களும் இருந்தன. கடைசி அத்தியாயத்தில் ஸகர் புயலில் படகின் பாயைப் பிடித்துக்கொண்டு தன் அண்ணனைக் கூப்பிடும் இடத்தை ஓடவிட்டான். சிறுவனின் குரல் நிலையம் முழுவதும் கேட்டது. டிஸ்க்கைச் சொருகப் போன அதே காவலர், "யோவ், இந்தக் குரலக் கேட்டுத்தான்யா நான் சின்ன வயசுல சாப்பிடவே உக்காருவேன்" என்றார். நான் ருவைதாவைப் பார்த்தேன். அவள் உதடுகள் அந்த வரிகளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை.

வசனம் முடிந்ததும் அவள் தன் போனில் எழுதி என்னிடம் நீட்டினாள். "டாக்டர்கிட்ட போன்னு சொன்னது நீங்க மட்டும்தான். அதனாலதான் டிஸ்க்கை சுத்தியலால அடிக்கல" என்று இருந்தது. கீழே இன்னொரு வரி: "ரெண்டாவது சீசன் ஸகர் யாரு?"

"அது நீ இல்ல. அதுல மாத்தமில்ல" என்றேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் அதிகாரி கொண்டுவரச் சொன்ன தேநீரில் முதல் கோப்பையை என் பக்கம்தான் நகர்த்தினாள்.

ஆகவே பின்வருபவை நடக்க வேண்டும். என் திருட்டுப் புகாரை விசாரணை அதிகாரி இன்றே முடித்து வைக்க வேண்டும். ருவைதாவின் பதிவில் "கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார்" என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, மருத்துவர் கட்டளைப்படி பேச இயலாதவர் என்று எழுத வேண்டும். தாமதத்துக்காக நான் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீங்கள் சீக்கிரம் போயிருந்தால் பச்சை டிஸ்க்கும் என் ஸ்டாண்டில் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். தாமதத்துக்கு நன்றி, அடுத்த முறை தாமதிக்கக் கூடாது. டிஸ்க்கை இந்த நிலையத்தில் யாரும் எதிலும் சொருகக் கூடாது, தாழ்ப்பாள் பூட்டியபடியே மஜ்தியிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய பெட்டி வரும்வரை அவன் அதைத் திறக்கக் கூடாது, வந்ததும் முதலில் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். இரண்டு டிஸ்க் சொருகும் ஸ்டாண்டை நான் விற்றுவிட வேண்டும். முதல் சீசனின் முடிவில் ருவைதாவின் பெயர் என் பெயருக்கு மேலே வர வேண்டும், அதை நான் செய்வேன். பேக்கப் முடிந்ததும் வியாழன்தோறும் ஒரு டிஸ்க் மாதபாவுக்குப் போக வேண்டும், அதை ருவைதாதான் எடுத்துப்போக வேண்டும், அவள் எங்களோடு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும். அவள் எடுத்துப்போனதைத் திருட்டு என்று இந்த நிலையத்தில் இனி எவரும் எழுதக் கூடாது, நானே வந்து எழுதச் சொன்னாலும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "மன்னிப்புக் கேட்டார்" என்று ஓரிடத்தில் இருந்ததை "நன்றி சொன்னார்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றபடி நான் சொன்னதும் இதில் உள்ளதும் ஒன்றே, யாவும் உண்மை.

(ஒப்பம்) ஹிக்மத் ஹத்தாதீன்